கேட்காமல் போன சலங்கை

எனக்குப் பிறந்த ஊர் விருதுநகர். பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு ரேடியோ செட் கட்டி, விடியும் முன்பே குழாயில் பாட்டு அலறும். அதைக் கேட்டுக்கொண்டே மாவாட்டி வளர்ந்தவள் நான். கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த பிறகு ஒரு டூ இன் ஒன்னும் நாலைந்து கேசட்டும்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை.

போன வருஷம், இன்ஜினீயரிங் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது, கம்ப்யூட்டரோடு ஒரு சின்னப் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கரையும் கொண்டுவந்து ஹாலில் பரப்பினான். அந்தப் பெட்டி என் அஞ்சறைப் பெட்டியில் பாதிகூட இல்லை.

"இதுக்குப் பேரு டாக், அம்மா. கம்ப்யூட்டருக்குள்ள பாட்டுங்கறது வெறும் நம்பர்தான். இந்தப் பெட்டி அதை மறுபடி மின்சார அலையா மாத்தி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்" என்றான்.

எனக்குப் புரியட்டும் என்று கோலத்தை வைத்துச் சொன்னான். புள்ளி நெருக்கமாக இருந்தால்தானே நுணுக்கமான வளைவைப் போட முடியும்? அது போல, 1982-ல் வந்த சி.டி.யில் ஒரு விநாடிச் சத்தத்தை 44,100 தடவை அளந்து வைத்தார்களாம். இவன் கொண்டுவந்த பாட்டில் 96,000 தடவை. பழைய எம்.பி.3 பாட்டு ஐந்து எம்.பி. இருந்தால், இது நூறு எம்.பி. வரைக்கும் வருமாம்.

"அவ்வளவும் நம்ம காதுக்குக் கேட்குமாடா?" என்றேன்.

சிரித்தான். "நல்ல காதுக்கே 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். வயசாக ஆக அதுவும் குறையும். பெட்டியை விட ஸ்பீக்கரும் அதை வைக்கிற இடமும்தான் முக்கியம்" என்று ஒப்புக்கொண்டான். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ செட்டிங்கை மாற்றினான். மாற்றாவிட்டால் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் வெளியே அனுப்புமாம்.

பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டான். சரணத்துக்கு முன்னால் ஒரு சலங்கை, சில் சில்லென்று ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து போயிற்று. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, அன்றுதான் அந்தச் சலங்கையையே கவனித்தேன். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"என்னங்க, சலங்கையைக் கேட்டீங்களா?" என்று திரும்பினேன்.

"எந்தச் சலங்கை?" என்றார் என் கணவர்.

மகன் அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்து, மறுபடி போட்டான். சத்தத்தைக் கூட்டினால், "காது வலிக்குது, குறை தம்பி" என்கிறார். சலங்கை மட்டும் கேட்கவில்லை. மகன் முகம் மாறிற்று. பாட்டை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வெறும் விசில் சத்தத்தை ஒவ்வொன்றாக வைத்தான். 1,000 ஹெர்ட்ஸ் கேட்டது. 2,000-ம் கேட்டது. 4,000 வைத்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் காது கூசியது. இவர் எங்களையே பார்த்துவிட்டு, "இன்னும் போடலையா?" என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

இருபது வருஷமாக இவர் பட்டாசு ஆபீசில் போர்மேன். புதுச் சரக்கைப் போட்டு வெடித்துப் பார்ப்பதும் இவர் பொறுப்புதான். காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்வார், அவ்வளவே. எங்களுக்குச் சோறு போடுகிற தொழில் அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கொஞ்ச காலமாக, "சோப்பு வாங்கணும்" என்றால் "எந்தத் தோப்பு?" என்பார். டி.வி.யை அலற விடுவார். "நான் சொல்றதை வேணும்னே காதுல வாங்கறதில்லை" என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! அதை நினைத்து அன்று ராத்திரி அழுதேன்.

மதுரையில் டாக்டரிடம் போனோம். உட்காதில் மெல்லிய மயிர் போன்ற இழைகளோடு செல்கள் இருக்கின்றன, பெரிய சத்தம் அவற்றை அழித்துவிடும், அழிந்தால் மறுபடி முளைக்காது என்றார் அவர். வெடிச் சத்தத்தால் வரும் சேதம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தெரியுமாம். 'ஸ', 'ஷ' மாதிரி மெல்லிய ஓசைகள் விட்டுப் போவதால், பேசுவது கேட்கும், சொல் விளங்காது. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகிற பட்டாசு கூடாது என்று சட்டமே இருக்கிறது. இவரோ அதைவிடக் கிட்டத்தில் நின்று வருஷக்கணக்காக வெடித்துப் பார்த்தவர். அத்தனை சத்தத்துக்குப் பஞ்சு எம்மாத்திரம்!

காது மெஷின் வைக்கச் சொன்னார்கள். "ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்று இவர் இரண்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் மகன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். "அப்பா, இதுவும் நம்ம பெட்டி மாதிரிதான். சத்தத்தை நம்பராக்கி, உங்களுக்குக் கேட்காத பாகத்தை மட்டும் கூட்டி, மறுபடி சத்தமாக்கிக் கொடுக்கும்" என்றான். என் வளையல் ஒரு ஜோடி அடகுக்குப் போயிற்று. போகட்டும்.

சகோதரிகளே, வீட்டில் யாராவது அடிக்கடி "என்ன, என்ன?" என்றால் கோபப்படாதீர்கள். காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். பிள்ளைகள் இயர்போன் வைத்தால் சத்தம் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. தீபாவளிக்கு வெடியைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையை வெடிக்கிற இடத்துக்குத் தூக்கிப் போகவே வேண்டாம். சத்தத்தோடு வேலை பார்ப்பவருக்கு, பஞ்சுக்குப் பதில் அதற்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

மெஷின் வைத்த அன்று சாயங்காலம் அதே பாட்டைப் போட்டோம். பாட்டில் 96,000 புள்ளி இருந்தாலும், இவர் மெஷின் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எடுக்குமாம். இருக்கட்டுமே. சரணம் வருவதற்குள் இவர் கை உயர்ந்துவிட்டது.

"ஏம்மா, இது இத்தனை நாளும் இந்தப் பாட்டுல இருந்துச்சா?" என்றார்.

பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.