கணக்கில் வராத ஆட்டம்

இன்னிக்குக் கொஞ்சம் காற்பந்து பேசப் போறேன். கோயில் தொண்டு செய்றவனுக்குப் பந்துக் கதை எதுக்குன்னு நினைக்காதீங்க. கடைசியில உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் இருக்கு.

ஒவ்வொரு ஜூலை மாதமும் ஐரோப்பாவின் பெரிய குழுக்கள் லீக் தொடங்குறதுக்கு முன்னாடி வெளிநாடுகளுக்குப் போய் சில ஆட்டங்கள் ஆடுவாங்க. அப்படி ஒரு போட்டிதான் இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப். பல நாடுகள்ல நடந்த அந்தப் போட்டியின் சில ஆட்டங்கள் 2017, 2018, 2019 மூணு வருஷமும் நம்ம காலாங் தேசிய விளையாட்டரங்கத்துல நடந்துச்சு. 55,000 பேர் உட்காரக்கூடிய இடம்.

எனக்கு மறக்க முடியாதது 2018. அட்லெட்டிகோ மட்ரிட், ஆர்சனல், பிஎஸ்ஜி, மூணு குழு. ஜூலை 26, 28, 30, மூணு ஆட்டம். அஞ்சே நாள்ல முடிஞ்சிடுச்சு.

அந்த வருஷம் நிறைய பேருக்கு மனக்குறை. ரஷ்யாவுல உலகக் கிண்ண இறுதியாட்டம் ஜூலை 15-ல தான் முடிஞ்சிருந்தது. கிண்ணம் ஜெயிச்ச பிரான்ஸ் குழுவில் இருந்த கிரீஸ்மன் அட்லெட்டிகோ ஆள், எம்பாப்பே பிஎஸ்ஜி ஆள். ரெண்டு பேரும் ஓய்வுல இருந்தாங்க, சிங்கப்பூருக்கு வரல. என் மகனும் வீட்டுல முணுமுணுத்தான், "அப்பா, சின்னப் பசங்க ஆடுறதைப் பார்க்கவா இவ்வளவு காசு?" சரி, டிக்கெட் வாங்கியாச்சு, வா போலாம்னு கூட்டிட்டுப் போனேன்.

முதல் ஆட்டம் ஆர்சனலும் அட்லெட்டிகோவும். முதல் பாதியில வியெட்டோ ஒரு கோல் போட்டு அட்லெட்டிகோ முன்னிலை. இரண்டாவது பாதி தொடங்கின கொஞ்ச நேரத்துல ஆர்சனல் பையன் ஒருத்தன் பந்தை எடுத்துக்கிட்டு நேரா ஓடினான். பெட்டிக்கு வெளியே இருந்தே அடிச்சான், மேல் மூலையில போய் விழுந்துச்சு. எமில் ஸ்மித் ரோ. அன்னிக்கு அவனுக்கு 18 வயசு நிரம்ப இன்னும் ரெண்டு நாள் இருந்தது. முணுமுணுத்த என் மகன்தான் முதல்ல எழுந்து நின்னு கத்தினான். ஆட்டம் 1-1. கூடுதல் நேரம் கிடையாது, நேரா பெனால்டி. அதுல ஆர்சனல் தோத்துப் போச்சு. இன்னிக்கு அந்தத் தோல்வி யாருக்கு ஞாபகம் இருக்கு?

கடைசி ஆட்டம் பிஎஸ்ஜியும் அட்லெட்டிகோவும். 2-2 இருந்தப்போ, முடியுற நேரத்துல வெற்றி கோல் போட்டது போஸ்டோலாக்கின்னு இன்னொரு 18 வயசுப் பையன்.

நம்ம ஆளுங்க சொல்வாங்க, "இதெல்லாம் சும்மா ஆட்டம், கணக்குல வராது". உண்மைதான். ஆனா கணக்குல வராததாலதானே அந்தப் பசங்களுக்கு இடம் கிடைச்சது? உனாய் எமெரி அப்போதான் ஆர்சனலுக்குப் புதுசா வந்த பயிற்றுநர். 22 வருஷம் இருந்த வெங்கர் இடத்துக்கு வந்தவர். லீக் ஆட்டத்துல 17 வயசுப் பையனை நம்பி முதல்லயே இறக்க எந்தப் பயிற்றுநருக்கும் பயமா இருக்கும். இங்கே தோத்தாலும் ஒரு புள்ளியும் போகாது. பையனும் தைரியமா அடிக்கலாம், பயிற்றுநரும் நிதானமா பார்க்கலாம்.

ஒரே ராத்திரியில எல்லாம் மாறிடலைங்க. ஸ்மித் ரோவை அதுக்கப்புறம் ஜெர்மனியில லைப்சிக்குக்கும், அப்புறம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் கடனா அனுப்பினாங்க. 2020 கடைசியிலதான் ஆர்சனல்ல நிலையா இடம் பிடிச்சார். 2021-ல 10-ஆம் எண் சட்டை கொடுத்தாங்க, அதே வருஷம் நவம்பர்ல இங்கிலாந்துக்கும் ஆடினார். 2018-ல அந்த 10-ஆம் எண் மெசுட் ஓசிலுடையது. அவர்தான் இங்கே பிஎஸ்ஜியை 5-1 ஜெயிச்ச ஆட்டத்துல ஆர்சனலுக்குத் தலைவர். பெரியவர் சட்டை மூணு வருஷத்துல சின்னவருக்கு வந்துச்சு. போஸ்டோலாக்கிக்கு பிஎஸ்ஜியில அப்படி இடம் அமையல. வாய்ப்பு கொடுத்தா எல்லாரும் நிலைப்பாங்கன்னு இல்லை. கொடுக்காம யார் நிலைப்பாங்கன்னு தெரியாது, அவ்வளவுதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். அடுத்த மாசம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். மூணு மாசம் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஃபேக்டரியில என் ஷிஃப்டை ஜோகூர்ல இருந்து தினமும் வர்ற 24 வயசுத் தம்பி ஒருத்தர்தான் பார்க்கப் போறார். ஆர்டர் குறைவா இருந்த நாலு வாரம் அவரை லைன்ல பொறுப்பா நிக்க வச்சேன், நான் ஓரமா ஒரு நாற்காலியில உட்கார்ந்துட்டேன். அச்சு மாத்துறதுக்கு என்னைவிட இருபது நிமிஷம் அதிகம் எடுத்தார். நாலாவது வாரம் அஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம். இந்தப் பழக்கம் அவசர ஆர்டர் வந்த அன்னிக்கு முடியுமா?

கோயில்லயும் அதே நிலைமைதான். புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் இருக்க மாட்டேன். அன்னதான வரிசையை நடத்துற எங்கள்ல முக்கால்வாசிப் பேர் அம்பது தாண்டியவங்க. இளையர்கள் வர்றாங்க, பாத்திரம் தூக்குறாங்க, தட்டு கழுவுறாங்க. அளவு பார்க்கவோ, எத்தனை பேருக்கு உலை வைக்கணும்னு முடிவெடுக்கவோ நாம விடுறதில்லை. "அவங்களுக்கு என்ன தெரியும்"னு சொல்றோம். அந்த வேலையில நிக்க விடாம எப்படித் தெரியும்?

அதனால வேண்டுகோள் இது. இன்னும் புரட்டாசி வரல, இப்ப கூட்டம் குறைவு. இந்த நாலு ஞாயிறும் பொறுப்பு முழுக்க இளையர்கள் கையில. சாம்பார்ல உப்பு கூடலாம், வரிசை பத்து நிமிஷம் தாமதமாகலாம். அண்ணன்மாரே, அக்காமாரே, தயவுசெஞ்சு பொறுத்துக்கோங்க, முகம் சுளிக்காதீங்க. கேட்டா மட்டும் சொல்லிக் கொடுங்க. உங்க பிள்ளைகளையும் அனுப்பி வைங்க, காலை ஏழு மணிக்குச் சமையற்கட்டுக்கு வந்தா போதும்.

நானும் வருவேன். ஓரமா ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியர்