பன்னிரண்டாம் தேதிக்குள்

ஜூன் 4, 2025, புதன்

சிகந்திராபாத் சந்து ஒன்றில் இருக்கும் இந்த அரசுத் தொடக்கப் பள்ளியைக் கோடை விடுமுறைக்குப் பிறகு இன்று திறந்து பார்த்தோம். பன்னிரண்டாம் தேதி வகுப்புகள் தொடங்கும். புறா எச்சம், ஒட்டடை, ஜன்னல் வழியே யாரோ வீசிய சிப்ஸ் உறைகள். பெருக்க நிரந்தர ஆள் கிடையாது. துப்புரவுக்கென்று தெலங்கானா அரசு தரும் மாத மானியம் முப்பது பிள்ளைகள் வரை 3,000 ரூபாய், நூறு வரை 6,000. ஆள் கூலி, பினாயில், விளக்குமாறு எல்லாம் அதற்குள். உதவிக்கு வந்திருக்கும் நான் வங்கியில் ஓய்வு பெற்றவள் என்பதால் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. ஹெச்.எம். மேடமோ புடவையைச் செருகிக்கொண்டு தானே வாளியைத் தூக்கிவிட்டார்.

ஜூன் 6, வெள்ளி

'பேராசிரியர் ஜெயசங்கர் படிபாட்ட' தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்கும் இயக்கம். நானும் கூடப் போனேன். இலவசப் புத்தகம், இரண்டு செட் சீருடை, மதியச் சாப்பாடு, ஆங்கில வழி என்று டீச்சர் அடுக்கினார். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா மேடம்?” என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன்.

ஏழைகள் காசு கொடுத்துத் தனியார் பள்ளியை நாடுவதற்கு ஆங்கில மோகம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஹைதராபாத் பழைய நகரத்துச் சந்துகளில் இருந்த மலிவுக் கட்டணத் தனியார் பள்ளிகளை 2000-இல் பார்த்துத்தான் கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் டூலி தன் ஆய்வைத் தொடங்கினார். 'த பியூட்டிஃபுல் ட்ரீ' என்ற புத்தகமாக அது 2009-இல் வந்தது. காசு கொடுத்தால் கேள்வி கேட்கலாம் என்பது அந்தப் பெற்றோரின் கணக்கு. டூலியின் முடிவுகள் எல்லாம் எனக்கு ஒப்புதலில்லை. இது மட்டும் சரி.

ஜூன் 9, திங்கள்

பக்ரீத், ஞாயிறு என்று இரண்டு நாள் போய்விட்டது. புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப் பக்கம் ஆங்கிலம். 2022-இல் ஆங்கில வழி வந்தபோது கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் இந்தச் சந்தில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இந்தியோ உருதுவோ.

சீருடைத் துணி மகளிர் குழுவிடம் இருக்கிறது. ஒரு ஜோடிக்கு 50 ரூபாயாக இருந்த தையல் கூலி போன ஆண்டுதான் 75 ஆனது. அந்தக் கூலிக்கு அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தாழ்ப்பாள் வாங்கி வந்தோம். கதவுச் சட்டம் உளுத்துப் போயிருந்தது. ஆணி அடித்தால் மரம் தூளாக உதிர்ந்தது. தச்சர் இரும்புப் பட்டையை இருபுறமும் வைத்து, போல்ட்டு போட்டு இறுக்கினார். தாழ்ப்பாளை நாலு வயதுக் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கச் சொன்னது ஆயாம்மா. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

2022-இல் அரசுப் பள்ளிகளைச் சீரமைக்க 'மன ஊரு மன படி' (நம் ஊர், நம் பள்ளி) திட்டம் வந்தது. நகரத்தில் அதற்கு 'மன பஸ்தி மன படி' என்று பெயர். 26,065 பள்ளிகளுக்கு 7,289 கோடி ரூபாய். முதல் கட்டத்துக்கு 9,123 பள்ளிகளை எடுத்தார்கள், பிள்ளைகள் அதிகமுள்ளவை முதலில் என்று. கணக்குப்படி நியாயம். ஆனால் பிள்ளை குறைந்த பள்ளிக்குக் கழிப்பறை வராது, கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் பிள்ளை வராது. வங்கியில் இதே தர்க்கத்தை நானும் பார்த்திருக்கிறேன்: கடன் தேவைப்படாதவனுக்குத்தான் கடன்.

இதே சிகந்திராபாத்தில் 1862-இல் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் கல்லூரி ஆனது. இன்று எங்கள் குடியிருப்பில் தச்சர் கூலிக்கு வசூல் கேட்டபோது, அரசாங்கம் செய்யாதா என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்டது தமிழர்கள்தான், ஆகவே தாராளமாகத் திட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

வாசலில் மாவிலைத் தோரணம். தாழ்ப்பாள் கேட்ட பெண் வந்தாள். நேராகக் கழிப்பறைக்குப் போய், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தாள். பிறகு மகளைச் சேர்த்தாள். மகனைப் பற்றிக் கேட்டதற்கு, “அவன் பிரைவேட்ல, வேன் வருது” என்றாள். “பொண்ணாவது வந்துதே” என்று ஹெச்.எம். சொன்னார். எனக்கு அந்த 'ஆவது' பிடிக்கவில்லை. ஆனாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியது. மகளின் ஆதாரில் பிறந்த வருஷம் தப்பாக இருக்கிறதாம். நாளை மறுபடி வேலைக்கு லீவு போட்டுத் திருத்தப் போகவேண்டும். அவளுக்கு அரைநாள் கூலி போச்சு.