பலெர்மோவின் சாய்ந்த சட்டி

பலெர்மோவில் நல்ல சாண்ட்விச் கடை எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். துறைமுகத்துப் பக்கம் இருப்பவருக்குத் துறைமுகத்துக் கடை. சந்தைக்காரருக்குச் சந்தை மூலையில் நிற்கும் வண்டி. யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. சிசிலித் தீவின் தலைநகரான இந்த ஊரில் 'பானி க மெயுசா' என்றால் மாட்டின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, பன்றிக் கொழுப்பில் வாட்டி, எள் தூவிய உருண்டை ரொட்டிக்குள் வைத்துத் தருவது. தருகிறவர் மெயுசாரு. கையில் ஒரு கடைப் பட்டியலோடுதான் அந்த ஊருக்குப் போனேன். சீக்கிரமே அதை மடித்து வைத்துவிட்டு, சட்டிக்குப் பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கடை எப்படிப்பட்டது என்பதை அவர்கள் கையே சொல்லிவிடுகிறது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் பலெர்மோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கும் பெல்லெக்ரீனோ மலைக்குச் சைவர்களும் கிறிஸ்தவர்களுமாக நடந்தே ஏறுகிறார்கள். அண்ணை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது அங்கேயே சமையலாள். உள்ளூர் சிசிலியப் பேச்சு அவருக்கு இத்தாலிய மொழியைவிடச் சரளம்.

பல்லரோ சந்தைக்குப் போகும் சந்தின் முனையில் ஒரு வண்டி நின்றது. அடுப்பின் மேல் அகலமான சட்டி. ஆனால் சமமாக உட்காரவில்லை. ஒரு பக்கத்தைத் தூக்கிச் சரிவாக வைத்திருந்தார் மெயுசாரு. உருகிய கொழுப்பு முழுவதும் பள்ளத்தில் தேங்கி மெல்லக் கொப்பளிக்கிறது. அரிந்த துண்டுகள் மேட்டில் குவிந்திருக்கின்றன. ஆள் வந்து கேட்டதும் ஒரு பிடியளவு பள்ளத்துக்கு இறங்கும். இரண்டு புரட்டு. பிறகு முள்கரண்டியால் அள்ளி, சட்டியின் ஓரத்தில் வைத்து ஓர் அழுத்து. வடிய வேண்டிய கொழுப்பு வடிந்து பள்ளத்துக்கே திரும்பிவிடும். இதற்குள் இடது கை ரொட்டியைப் பிளந்து விரித்திருக்கும். இறைச்சி, உப்பு, எலுமிச்சைச் சாறு, காகிதம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"சட்டியைப் பாக்காதேங்கோ பிள்ளை, கையைப் பாருங்கோ" என்றார் அண்ணை. ஆனால் எனக்குச் சட்டியை விட்டுக் கண் அகலவில்லை. மண்ணீரல் பொல்லாத சரக்கு. கொழுப்பிலேயே கிடந்தால் வறண்டு இறுகிப்போகும். வெளியே எடுத்து ஆறவிட்டால் கொழுப்பு உறைந்து வாயில் ஒட்டும். சூட்டோடு இருக்க வேண்டும், வேகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை யாரோ எப்போதோ சட்டியைச் சாய்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு மேட்டில் எவ்வளவு குவியலாம் என்பது வரப்போகும் கூட்டத்தைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போடுவதும் மெயுசாருவின் வேலை. கூட்டம் குறைந்தால் குவியலும் குறையும். மிச்சம் விழுந்தால் நஷ்டம், போதாமல் போனால் பெயர் கெடும்.

சட்டியைப் பற்றி அண்ணை அவரிடம் கேட்டுச் சொன்னார்: "தகப்பன்ர சட்டியாம். புதுசில துண்டு ஒட்டுமாம்." மெயுசாரு சிரித்துக்கொண்டே வலது முன்னங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொழுப்புத் தெறித்த புள்ளிகள், பழையதும் புதியதுமாக. விடிவதற்கு முன் எழுந்து அவித்து, ஆறவைத்து, அரிந்து, வண்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். வாங்குகிறவர் பார்ப்பது அந்த ஒரு நிமிஷ வேலையை மட்டும்தான்.

எலுமிச்சை மட்டும் பிழிந்து வாங்கினால் அது 'ஸ்கியெத்தா'. ரிக்கோத்தாவோ காச்சியோகவல்லோ சீஸ் துருவலோ சேர்த்தால் 'மரித்தாத்தா'. முன்னது கலியாணமாகாதவள், பின்னது கலியாணமானவள். முதல் தடவை ஸ்கியெத்தாதான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. சீஸ் சேர்ந்துவிட்டால் வாட்டியவரின் பதம் நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்தத் தொழிலை யூதக் கசாப்புக்காரர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். விலங்கை அறுப்பதற்குக் காசு வாங்க அவர்கள் மதம் இடம் தராததால் குடலும் ஈரலும் மண்ணீரலுமே அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்ததாம். ஈரலை வாங்க ஆள் இருந்தது. மண்ணீரலைச் சமைத்து ரொட்டியில் வைத்து விற்றால்தான் காசு. ஸ்பானிய அரசரின் 1492 ஆணை சிசிலியையும் பிடித்தது. யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், தொழில் மற்றவர்கள் கைக்குப் போனது. சட்டியில் இன்று கொப்பளிக்கும் பன்றிக் கொழுப்பு அவர்கள் தொட்டிருக்க முடியாத பொருள், பின்னால்தான் வந்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களுக்கே விலக்கான உணவாக அது மாறிப்போனதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஊரின் மிகப் பெயர்பெற்ற கடை அந்திகா ஃபொகாச்சேரியா சான் ஃபிரான்செஸ்கோ. 1834இல் தொடங்கியது, சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு நேர் எதிரே. இன்று மேசை போட்டுப் பரிமாறுகிறார்கள், வெளியூர்க் கூட்டம் அதிகம். ரொட்டியின் ருசிக்காக மட்டுமென்றால் நான் அங்கே யாரையும் அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தக் கடைக்குப் போகாமல் ஊர் திரும்பவும் கூடாது. காரணம் வேறு.

பலெர்மோவில் கடைக்காரர்கள் மாஃபியாவுக்குக் கட்டும் மாமூலுக்குப் பெயர் பிட்ஸோ. கட்ட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன துணி ஆலை முதலாளி லிபெரோ கிராஸியை 1991 ஆகஸ்டில் வீட்டுக்கு அருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2004இல் ஒரு ராத்திரி, பிட்ஸோ கட்டும் மக்களுக்கு மானமில்லை என்ற பொருளில் இளைஞர்கள் சிலர் ஊரெங்கும் சின்னச் சின்ன ஒட்டிகளை ஒட்டினார்கள். அதிலிருந்து அத்தியோபிட்ஸோ என்ற இயக்கம் பிறந்தது. 2005இல் இந்த ஃபொகாச்சேரியாவுக்கு ஆள் வந்தபோது, அப்போதைய உரிமையாளர் வின்சென்ட்ஸோ கொந்திசெல்லோ மறுத்தார், புகார் கொடுத்தார், நீதிமன்றத்தில் நேருக்கு நேர் விரல் நீட்டி ஆளைக் காட்டினார். அதன் பிறகு அவர் போலீஸ் காவலோடுதான் நடமாட வேண்டியிருந்தது. ரொட்டி விற்றுப் பிழைக்கிற ஒரு மனிதர் அதைச் செய்தார் என்பதற்காகவே நான் அந்தக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ருசிக்கு எங்கே என்றால், பழைய துறைமுகமான லா காலாவின் எதிரே இருக்கும் போர்த்தா கார்போனேயைச் சொல்வேன். மதியத்துக்கு முன்னால் போக வேண்டும், ரொட்டி அப்போதுதான் மெத்தென்று இருக்கும். துணி மூடிய கூடைக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே ஃப்ரித்தோலா எடுத்துத் தரும் ஆட்களையும் சந்தைகளில் பார்க்கலாம். கன்றிறைச்சியில் எஞ்சிய கொழுப்பும் குருத்தெலும்பும்தான் அது. வுச்சிரியா சந்தையை ரெனாத்தோ குத்தூஸோ 1974இல் பிரம்மாண்டமாக வரைந்து வைத்தார். இறைச்சியும் மீனும் காய்கறியும் பிதுங்கும் அந்தச் சந்தையைத் தேடிப் போனால், இன்றைக்கு இருப்பது பெரும்பாலும் இரவுக் குடிக்கடைகள்.

அண்ணையின் மனைவி மாட்டிறைச்சி தொடாதவர். அவருக்குப் பிடித்தது பனெல்லே, கடலைமாவுத் துண்டு. 831இல் அரபுகள் பலெர்மோவைப் பிடித்ததற்குப் பின் வந்த வழக்கம் என்பார்கள். அவர் வாடிக்கையாக வாங்கும் கடையை நடத்துவது அறுபது தாண்டிய ஓர் அம்மாள். அதிகாலையில் போனால் கிண்டுவதைப் பார்க்கலாம் என்றார்கள், போனோம்.

கடலைமாவை உப்புப் போட்டுத் தண்ணீரில் கரைத்து, பெரிய அண்டாவில் ஊற்றி, அடுப்பை மூட்டிக் கிளறத் தொடங்கினால் கை நிற்கக் கூடாது. முதலில் பால் பதம், பிறகு கூழ், பிறகு மரத்துடுப்பு நகர மறுக்கும். மைசூர்பாகு சட்டியை விட்டுச் சுருண்டு வருமே, அந்தப் பதத்தில் பொடியாக அரிந்த பார்ஸ்லி இலையைத் தூவி இறக்குகிறார்கள். அடுத்த வேலைக்கு அவகாசம் மிகக் கொஞ்சம். சூடு ஆறுவதற்குள் தட்டுகளின் பின்புறத்தில் மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் இழுபடாது, சுருங்கும். முன்பெல்லாம் பூ வேலை செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுப்பார்களாம். அந்த அம்மாளிடம் அப்படி ஒரு அச்சு இருந்தது, சுவரில் மாட்டியிருந்தார். இறுகிய மாவை உரித்து, வெட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் ஓரம் பொன்னிறமாகி நடு லேசாக உப்புகிறது. எள் ரொட்டிக்குள் நான்கைந்து துண்டு, ஒரு பிழி எலுமிச்சை. மண்ணீரலைவிட இதுதான் எனக்குப் பிடித்தது என்று கூசாமல் சொல்கிறேன். கல்சா சதுக்கத்தில் கிலுட்ஸோ கடையிலும் நல்லதாகக் கிடைக்கும்.

வருஷத்தில் ஒரு நாள் இந்தத் துண்டுகளுக்கு ரொட்டி கிடையாது. டிசம்பர் 13, சாந்தா லூச்சியா திருநாள். 1646 பஞ்சத்தில் கோதுமைக் கப்பல் வந்து ஊர் பிழைத்த நன்றிக்காக அன்று பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. மாவாக்கிய கோதுமை எதுவுமே கூடாது. அவித்த முழுக்கோதுமை, அரிசி உருண்டை, கடலைமாவுத் துண்டு. முந்தின ராத்திரி தொடங்கினால் மறுநாள் மாலை வரை உட்கார முடியாது என்றார் அந்த அம்மாள்.

துணைக்கு யார் என்று கேட்டேன். அண்டாவின் பக்கத்தில் துடுப்போடு நின்ற பையனைக் காட்டினார். பங்களாதேஷிலிருந்து வந்தவன், பல்லரோவில் அப்படிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. கிளறும் வேகத்தையும் தட்டில் இழுப்பதையும் இவரே கற்றுக்கொடுத்திருக்கிறார். "தன்ர மகன் கிண்டினா கட்டி விழுமாம், இவன் கிண்டினா விழாதாம்" என்று அண்ணை மொழிபெயர்த்தார். பையன் தலையைக் குனிந்து சிரித்தான், துடுப்பை நிறுத்தவில்லை. சீக்கிரம் தனியாகக் கடை போடப் போகிறானாம், இரண்டு தெரு தள்ளி. கடலைமாவு எந்த மில்லில் வாங்குவது, எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அந்த அம்மாள் ஏற்கனவே சொல்லிவைத்துவிட்டார்.