பன்னிரண்டு கூடைகள்



ஐயாயிரம் பேர் வயிறாரப் புசித்த பின்பு, புல்லின்மேல் சிந்திக் கிடந்தவற்றையும் வீணாக விடாமல் பொறுக்கும்படி ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்னார் (யோவான் 6). பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அப்பங்களைப் பற்றிப் பலமுறை தியானித்திருக்கிறோம். இவ்வாரம் அந்தக் கூடைகளைப் பற்றித் தியானிப்போம்.

தேவதானம், இராஜபாளையம் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் விடிய விடிய நடப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவருடைய பாடல்களையும் வசனங்களையும் மாணவர்கள் நெஞ்சில் சுமந்ததால் அவை பிழைத்தன. நாடகம் நடிப்போரின் நாவில் வாழ்வது. அந்த நாவுகள் எல்லாம் ஒரே காலத்தில் அடங்கிப்போனால் என்ன ஆகும்?

1980-களில் அமெரிக்க நாடக உலகுக்கு அதுவே நேர்ந்தது. தன்பாலீர்ப்புள்ள நாடகாசிரியர்கள் பலரை எய்ட்ஸ் நோய் இளவயதிலேயே கொண்டுபோயிற்று. அவர்களோடு நடித்தவர்களும் நண்பர்களும் அடுத்தடுத்து மடிந்தார்கள். நினைவில் வைத்திருக்க வேண்டியவர்களே இல்லாமற்போனார்கள். ஆயினும் சிலர் கூடை ஏந்தினார்கள். சார்லஸ் லட்லம் 1987-இல், 44 வயதில் மரித்தார். அவருடைய துணைவர் எவரெட் குவின்டன் அவரது குழுவைத் தொடர்ந்து நடத்தினார். ‘இர்மா வெப்பின் மர்மம்’ என்ற அவரது நாடகத்தை 1998-இல் மீண்டும் மேடையேற்றினார்.

ஸ்காட் மெக்பர்சன் எழுதிய ‘மார்வினின் அறை’ 1990-இல் சிகாகோவில் அரங்கேறியது. படுத்த படுக்கையான தகப்பனை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் மகளுக்கே இரத்தப் புற்றுநோய் வருகிறது. அவளோ தான் இத்தனை அன்புசெலுத்தக் கிடைத்ததையே பாக்கியமாக எண்ணுகிறாள். மெக்பர்சனின் துணைவர் 1992 பிப்ரவரியில் எய்ட்ஸினால் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், 33 வயதில், மெக்பர்சனும் இறந்தார். அந்நாடகம் நியூயார்க்கின் பிராட்வே மேடையை அடைந்தது 2017-இல்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் அது என் ஊழியத்தின் வாசலுக்கும் வந்தது.

அப்போது நான் வேறொரு சபையில் உதவிப் போதகன். அங்கே ஒரு வாலிபர் கிறிஸ்துமஸ் தோறும் நாடகம் எழுதுவார். கெட்ட குமாரனின் கதையில் வேதம் குறிப்பிடாத தாயை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார்: மகன் போன இரவு முதல் கதவுக்குத் தாழ்ப்பாள் இடாத தாய். பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர் எலும்பும் தோலுமாய்த் திரும்பினார். அவர் யாரை நேசித்தார் என்று தெரு முணுமுணுத்தது. நான் வாசலில் நின்றே ஜெபித்துவிட்டு வந்தேன். அவர் படுத்திருந்த அறைக்குள் நுழையவில்லை. அடக்க ஆராதனைக்கு மறுநாள் அவருடைய நோட்டுப் புத்தகங்களைக் கொல்லையில் எரித்தார்கள். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

சென்ற மாதம் அந்த ஊருக்குப் போனேன். தாயாக நடித்த அக்காள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கண்களை மூடி முதல் இரண்டு காட்சிகளைத் தடுமாறாமல் சொன்னார். மூன்றாவதில் நின்றுவிட்டது. எழுதிக்கொண்டேன், ஏழு பக்கங்கள். மறைந்தவருடைய தங்கையும் சம்மதம் தந்துவிட்டார். இந்தக் கிறிஸ்துமஸ் இரவில் நம் வாலிபர் சங்கத்தார் அந்த ஏழு பக்கங்களையும் நடிப்பார்கள். எழுதியவரின் பெயரை மேடையில் சொல்லுவோம்.

இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையைக் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை அறிவேன். ஆனால், துணிக்கைகளைப் பொறுக்கிய சீஷர்கள், அவை யாருடைய கையிலிருந்து விழுந்தன என்று விசாரித்ததாக வேதத்தில் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில், பெயர் சொல்லத் தயங்கும் ஒருவருடைய கடிதமோ, பாட்டு நோட்டோ, புகைப்படமோ கிடக்கிறதா? இந்த வாரம் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெபம்: சிதறியவற்றைச் சேர்க்கிற ஆண்டவரே, வாசலில் நின்றுவிட்ட எங்களை மன்னியும். உள்ளே நுழையும் தைரியத்தையும், கையில் ஒரு கூடையையும் தாரும். ஆமென்.