விடியற்காலை வண்டியும் வருகைப் பதிவேடும்

ஜூலை 1, 2024, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்று ஒன்பது பேர் வரவில்லை. அதில் பாதிப் பேர் ஜூன் மாதம் முழுக்க வருவதும் நிற்பதுமாக இருந்தவர்கள். மதியம் ஆசிரியர் அறையில் இதே பேச்சு. பிள்ளைகளை இழுக்கிற மாதிரி பள்ளியில் என்ன இருக்கிறது, ஸ்மார்ட் போர்டாவது வேண்டாமா என்றார் ஒருவர். வீட்டில் கண்டிப்பு இல்லை, வேறொன்றுமில்லை என்றார் இன்னொருவர். வீட்டைப் பார்க்காமல் இரண்டில் எதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பள்ளி விட்டதும் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பக்கம், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போனேன். போன வாரம் முழுக்க வராத பெண், ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு களி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊதி ஊதி, உள்ளங்கையில் தொட்டுச் சூடு பார்த்து, பிறகு வாயில். பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கை அவ்வளவு பழகியிருந்தது. அலமாரியில் அறிவியல் புத்தகம், அட்டை போட்டபடி.

பாட்டிக்கு இளைப்பு. படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “அவங்கம்மா இருட்டோட வண்டிக்குப் பூடறா டீச்சரம்மா. வந்து சேர ராத்திரி ஒம்போது ஆவுது. என்னால புள்ளைய தூக்க முடியல. அப்ப யார் பாத்துக்கறது?”

அம்மாவுக்கு ஒயிட்ஃபீல்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, சனி இரவுதான் வருகிறார். மாரிகுப்பத்தில் கிளம்பும் விடியற்காலை வண்டியில் இந்த ஊரின் பாதி வீடு ஏறிவிடுகிறது. 2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடியதிலிருந்து இதுதான் பிழைப்பு. சுரங்கம் ஓடியபோது ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும், வேலை கூப்பிடு தூரத்தில் இருக்கும், ஏதாவது ஒரு நேரத்தில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பாறை வெடித்துச் செத்தவர்களும் நெஞ்சில் தூசி அடைந்து செத்தவர்களும் இல்லாத லைன் இங்கே இல்லை. ஆனால் ஊர் ரயில் நேரத்துக்கு மாறி இருபது வருஷத்துக்கு மேலாகியும் பள்ளி மணி மட்டும் பழைய நேரத்திலேயே அடிக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நியூட்ரினோ கதையைச் சொன்னேன். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவி வைத்தன. வானத்திலிருந்து வரும் மற்ற துகள்களைப் பெரும்பாலும் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ தடையில்லாமல் ஊடுருவி வரும். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதலில் கண்டவர்களில் அந்தக் குழுவும் ஒன்று.

“நம்ம சாம்பியனா மிஸ்?” என்று நாலைந்து குரல். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வராமல், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் திரிகிற பையன் எழுந்து, அந்த மிஷின் இப்போது எங்கே என்று கேட்டான். சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்றேன். எத்தனை அடி தண்ணீர், பம்ப் போட்டால் எத்தனை நாளில் இறங்கும் என்று மணி அடிக்கும்வரை விடவில்லை. வீட்டுத் தமிழிலேயே கேட்டான். கன்னடப் புத்தகத்தைத் திறந்தால் அவன் வாயே திறப்பதில்லை.

ஜூலை 8, திங்கள்

அந்தப் பையன் வந்தான். அந்தப் பெண் வரவில்லை.

இவன் பாடம் பிடிக்காமல் நின்றவன், அவளோ வர ஆசை இருந்தும் வர முடியாதவள். பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குறிதான் விழுகிறது. இவனுக்கான மருந்து நம் பக்கத்திலேயே பிறந்தது. மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைவழிக் கற்றலைப் பார்த்துத்தான் 1995இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டேயில் ‘நலி-கலி’ தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் செயல்வழிக் கற்றலுக்கும் ரிஷி வேலி முறையே ஊற்று. ஆனால் இங்கே நலி-கலி மூன்றாம் வகுப்போடு முடிகிறது. நான்காம் வகுப்பில் பெஞ்சில் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் நிற்கத் தொடங்குவதும் அங்கிருந்துதான். இது எனக்கு ஆறவே இல்லை.

ஜூலை 12, வெள்ளி

அவள் வந்தாள். சித்தி ஊரிலிருந்து வந்திருக்கிறாளாம். நியூட்ரினோ பாடத்தைத் தோழியின் நோட்டில் பார்த்து முழுக்க எழுதிக்கொண்டாள். இப்படி வீட்டில் ஆள் தேடிவைத்துவிட்டு வருகிற பிள்ளையை உட்கார வைத்து ‘பக்கம் 34ஐ எழுது’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஜூலை 22, திங்கள்

சனிக்கிழமை அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையோடு கர்நாடக அரசு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பள்ளி மதிய உணவில் வாரத்துக்கு இரண்டு நாளாக இருந்த முட்டை இனி ஆறு நாளாம். மனசு நிறைந்தது. முட்டை நாளில் வகுப்பு நிரம்புவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. கூழ் ஊற்ற ஆம்பூர், குடியாத்தம் என்று சொந்த ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களை முட்டை நிறுத்தாது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, அது நாலு நாள் விஷயம்.

ஜூலை 26, வெள்ளி

பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவின் (எஸ்.டி.எம்.சி.) கூட்டம். ஸ்மார்ட் போர்டுப் பேச்சு மறுபடி வந்தது. எழுந்து சொல்லிவிட்டேன்: போர்டு வரட்டும், நல்லது. முதலில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அதுவும் ரயில் நேரத்துக்குத் திறக்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்துகளில் அரசே ‘கூசின மனெ’ என்று காப்பகம் நடத்துகிறது. நம்மூர் நகரசபை என்பதால் நமக்கு அது இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் குழந்தைக்கு உள்ள ஏற்பாடு, வண்டி ஏறிப் போகும் தாயின் குழந்தைக்கும் வேண்டாமா?

தலைமையாசிரியர் பின்கட்டில் காலியாகக் கிடக்கும் அறையைக் காட்டினார். கைக்குழந்தைகளைப் பள்ளிக்குள் வைத்துக்கொள்ள வட்டாரக் கல்வி அலுவலரின் (பி.இ.ஓ.) அனுமதி வேண்டுமாம். நகரசபைக்கும் மனு போட வேண்டும். லைனில் இருக்கும் மூன்று பாட்டிகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது கூலி கொடுத்தால். அது நியாயம். எந்த வீட்டில் எத்தனை கைக்குழந்தை என்ற பட்டியல் பாதி ஆகிவிட்டது. மீதியை ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும், அன்றுதான் அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள்.