வாலாட்டிக்கொண்டே வலியை மறைக்கும் நாய்

கோல்டன் ரெட்ரீவர்! விளம்பரங்களிலும் சினிமாவிலும் அடிக்கடி தலைகாட்டும் இந்தப் பொன்னிற நாயைப் பிடிக்காதவர்கள் குறைவு. குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். முன்பின் தெரியாதவர் வந்தாலும் வாலாட்டும். எதைக் கொடுத்தாலும் ஆசையாகச் சாப்பிடும். ஆனால் இந்த நல்ல குணங்களே அதன் உடல்நலத்துக்கு எதிரியாகவும் ஆகிவிடுகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

இந்த நாயின் சொந்த ஊர் ஸ்காட்லாந்து. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், தன்னுடைய மஞ்சள் நிற ரெட்ரீவரையும் ஒரு நீர் ஸ்பானியலையும் இணைசேர்த்தார். 1868-இல் பிறந்த அந்தக் குட்டிகளிலிருந்துதான் இந்த இனம் வளர்ந்தது. வேட்டையில் சுடப்பட்டுக் குளிர்ந்த நீரில் விழும் பறவைகளை நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருவதுதான் இதன் வேலை. அதனால்தான் இதற்கு இரண்டடுக்கு ரோமம். மேலே தண்ணீர் ஒட்டாத நீளமான முடி, உள்ளே அடர்த்தியான மென்முடி.

அப்படிப்பட்ட நாய் சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில் வளர்ந்தால் என்ன ஆகும்? நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எனவே நடைப்பயிற்சி விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. வெயில் என்பதற்காக மொட்டையடிப்பதும் தவறு. ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. உதிர்ந்த உள்முடியை அடிக்கடி சீவி எடுத்தாலே போதும். குளித்த பிறகு தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் சீழும் நாற்றமும் வரும். விரலிடுக்கிலும் காது மடலிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நம் ஊர் நாய்களுக்கு வரும் காய்ச்சல்களில் உண்ணியால் வருபவை மோசமானவை.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் பாசம் குறுக்கே நிற்கிறது! வயிறு நிறைந்திருந்தாலும் இது கெஞ்சும் பார்வை பார்க்கும். ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பிஸ்கட். வளர்ந்த ஆண் நாய் சுமார் 29 முதல் 34 கிலோ, பெண் நாய் 25 முதல் 29 கிலோ இருந்தால் சரி. தராசு இல்லையா? விலாவைத் தடவினால் அழுத்தாமலே எலும்பு கைக்குத் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். 2002-இல் வெளியான முடிவு: குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டுவலியும் தாமதமாகவே வந்தது. இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரும் கோல்டனுக்கு இது இன்னும் முக்கியம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கடைசி விஷயம்தான் மிகவும் கஷ்டமானது. இந்த இனத்தை அதிகமாகக் கொல்லும் நோய் புற்றுநோய். அதற்காகவே 2012-இல் அமெரிக்காவில் 3000-க்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுதும் கவனிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. மண்ணீரலில் வரும் ஒருவகைக் கட்டி உள்ளேயே வளர்ந்து, ஒருநாள் திடீரென்று உடைந்து இரத்தம் கசியும். அதற்கு முந்தின நாள்கூட அந்த நாய் பந்தைக் கவ்விக்கொண்டு வந்திருக்கும்! எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது. வலித்தாலும் வாலை ஆட்டும்.

அதனால் அதற்குப் பதிலாக வளர்ப்பவர்தான் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை தாடைக்குக் கீழே, அக்குளில், தொடை இடுக்கில் தடவிப் பார்த்தால் புதிய கட்டி கைக்குத் தெரியும். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், எழுந்து நிற்கவே தள்ளாடினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தடுப்பூசிகளைத் தவறவிடக் கூடாது. ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நல்லது. கருத்தடை செய்வதாக இருந்தால் எந்த வயதில் என்று மருத்துவரிடம் கேட்பதும் அவசியம். ஒரு வயதுக்கு முன்பே செய்தால் இந்த இனத்தில் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று 2013-இல் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

இத்தனையும் செய்தாலும் இதன் ஆயுள் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு வருடம்தான். பள்ளிக்கூடத்தில் சேரும் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த குட்டி, அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போது கிழட்டு நாயாக வாசலில் படுத்திருக்கும். அப்போதும் அது வலியில்லாமல் எழுந்து வந்து வாலாட்ட வேண்டுமென்றால், இன்றைக்கு அது கேட்கும் ஐந்தாவது பிஸ்கட்டை மறுக்கத்தான் வேண்டும்.