மந்திர் மார்க்கும் நெற்றிப் பொட்டும்

தலைநகர்த் தமிழன்பர்களுக்கு மந்திர் மார்க்கை நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஒருகாலத்தில் ரீடிங் ரோடு என வழங்கிய இச்சாலையில்தான் நம் குழந்தைகள் பயிலும் தமிழ்ப் பள்ளி உள்ளது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விட வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயமும், அதனை அடுத்துக் காளி பாரியும் இங்கேயே விளங்குகின்றன. ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடித்துவிட்டு மாலையில் இவ்வழியே வருங்கால், எதிர்ப்படும் நெற்றிகளில்தான் எத்தனை வகைத் திலகங்கள்! சந்தனம், குங்குமம், செந்தூரம், ஒட்டுப் பொட்டு.

இவற்றுள் ஒட்டுப் பொட்டைப் பற்றி நம் சகோதரிகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் இரசாயனப் பொருள் இருப்பதை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கண்டு எழுதியுள்ளனர். சருமத்திற்கு நிறம் தரும் அணுக்களை அழிக்க வல்லது அது. முதலில் அரிப்புத் தோன்றலாம், தோன்றாமலும் இருக்கலாம். நாளடைவில் பொட்டு இருந்த இடத்தில், பொட்டின் அளவிலேயே, வெள்ளைப் புள்ளி ஒன்று தென்படும். உடனே நம் வீடுகளில் நடப்பது யாது? அதனினும் பெரிய பொட்டொன்றை வாங்கி அதன்மேல் ஒட்டிவிடுகின்றனர்!

மறைப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. "வெண்குஷ்டம்" என்று அக்கம்பக்கத்தார் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். பெண்ணின் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வரும். அது குஷ்டமுமன்று, பிறரைத் தொற்றுவதுமன்று. பொட்டை அறவே நிறுத்தினால் சிலருக்கு நிறம் மெல்ல மீள்கிறது. சிலருக்கோ புள்ளி அப்பாலும் பரவுகிறது. ஆகவே காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அருகிலுள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு உண்டு.

குங்குமமாயின் தீங்கில்லை என்றும் கூறுவதற்கில்லை. மஞ்சளுடன் வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பாட்டிமார் செய்த குங்குமம் வேறு. சாயப் பொடியால் சிவப்பேற்றிய கடைக் குங்குமம் வேறு. பிரில்லியண்ட் லேக் ரெட் ஆர் போன்ற சாயங்கள் ஒவ்வாதவர்க்கு நெற்றி தடித்து, பின்னர் கருத்தும் போகும்.

தில்லிக் குளிரும் இதற்குத் துணை செய்கிறது. ஊர்ப் பழக்கப்படி நாள்தோறும், ஆனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், சோப்பை அழுத்தித் தேய்த்துக் குளிக்கிறோம். தோலின் இயற்கை எண்ணெய் கழிந்து வெடிப்புண்டாகும்போது எப்பொருளும் எளிதில் உறுத்தும். முகமும் கண்ணிமையும் கழுத்தும் ஒருங்கே தடித்தாலோ, பொட்டின்மீது மட்டும் பழி போடலாகாது. தரிசு நிலங்களில் மண்டும் பார்த்தீனியச் செடியின் தூசும் அவ்வாறு செய்யும்.

பொட்டின்றி இருக்க மனம் ஒப்பாதவர்கள், நெற்றி முற்றும் ஆறிய பின் சந்தனக் கட்டையை இழைத்து இட்டுக்கொள்ளலாம். அதனையும் முன்னதாகச் சில நாள் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்தல் நலம். சந்தனமும் சிலருக்கு ஒவ்வாது.